எங்கள் கேரவன் போட்ட சத்தங்கள்

அதைத்தான் சொல்ல வருகிறேன் பாக்கியம், நடுவில் நீ கேள்வி கேட்டால் எனக்கு மறந்துபோகும். மாடி வீட்டுக்காரி சொன்னதை நம்பாதே. வண்டி கவிழவும் இல்லை, போலீஸ் பிடிக்கவும் இல்லை. சத்தம் போட்டது, அவ்வளவுதான். அதுவும் ஒரே சத்தம் இல்லை. ஒன்று அடங்கினால் இன்னொன்று என்று முறை வைத்துக்கொண்டு வந்தன.

கொஞ்சம் தள்ளி உட்கார், கயலுக்கு வெளிச்சம் மறைக்கிறது. என் பேத்தி கயலுக்கு அவள் காலேஜ் பத்திரிகைக்குப் பயணக் கட்டுரை வேண்டுமாம். நான் பேசுவதைப் போனில் தட்டிக்கொண்டிருக்கிறாள். நான் ‘வாரேன், போறேன்’ என்றால் இவள் ‘வருகிறேன், போகிறேன்’ என்று மாற்றிக்கொள்கிறாள். எழுத்தே தெரியாதவளுக்கு எந்தத் தமிழாக இருந்தால் என்ன, நடந்தது நடந்தபடி இருந்தால் சரி.

என் மாப்பிள்ளை முருகேசனை உனக்குத் தெரியும். விளாங்குடிப் பிள்ளைகளை வேனில் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போனவர். வேனுக்கு வயதாகிவிட்டது, இனிமேல் பிள்ளைகளை ஏற்றக்கூடாது என்று ஆனதும், வேறு யாராவது என்றால் பழைய இரும்புக்குப் போட்டிருப்பார்கள். இவர் சீட்டை எல்லாம் கழற்றிவிட்டு உள்ளே ஒரு வீட்டையே கட்டிவிட்டார். பின்பக்கம் ஜன்னலை ஒட்டிக் கட்டில். நடுவில் அடுப்பு, பாத்திரம் கழுவத் தொட்டி, மேலே அலமாரி. குழாயைத் திருகினால் தண்ணீர் வருகிறது. நம் தெருக் குழாயில் அப்படி வந்து எத்தனை காலம் ஆயிற்று.

ஒன்றுதான் எனக்கு ஒட்டவில்லை. அடுப்புக்கு எதிரே ஒரு கதவு, திறந்தால் கக்கூஸ். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஒரு எட்டு வைத்தால் போதும். எங்கள் ஊரில் அதற்கென்று வயக்காட்டைத் தாண்டி ஓடை வரைக்கும் போனவள் நான். எனக்குச் சோறு இறங்குமா? "மூடிதான இருக்கு அத்த," என்றார் மாப்பிள்ளை. மூடித்தான் இருக்கிறது. உள்ளே இருப்பது என்ன என்று மனதுக்குத் தெரியாதா?

சரி, எங்கே போனோம் என்று சொல்கிறேன். என் அக்கா சின்னப்பொண்ணு. பெயர்தான் அப்படி, எனக்கு மூத்தவள். காளவாசலில் மகன் வீட்டில் இருந்தாள். இடுப்பு எலும்பு முறிந்து படுத்தவள், படுத்தபடியேதான். உட்கார வைத்தால் உயிர் போகிற வலி. பஸ், கார், ஆட்டோ எதிலும் ஏற்ற முடியாது. ஒரே முறை ஆஸ்பத்திரி வண்டியில் போய் வந்தாள். அதில் வெளியே பார்க்க ஜன்னல்கூட இல்லை என்று இன்றைக்கும் குறைப்பட்டுக்கொள்வாள்.

அவள் பேத்தி ராணியை உசிலம்பட்டியைத் தாண்டி ஒரு ஊரில் கட்டிக்கொடுத்திருக்கிறது. ராணியின் மகனுக்கு அவர்கள் குலதெய்வம் கோயிலில் காதுகுத்து. ராணியின் தம்பி செந்தில்தான் தாய்மாமன். பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியவன் அவன், சீர் கொண்டுபோக வேண்டியது என் அக்காவின் வீடு. வீட்டுக்கு மூத்தவள் இல்லாமல் சீர் போகலாமா? போகலாம் என்று எல்லாரும் முடிவு செய்துவிட்டார்கள்.

"போன்ல காட்டுறேன் அப்பத்தா, அங்கன இருக்க மாதிரியே இருக்கும்," என்றான் செந்தில்.

"போன்ல என்னடா தெரியும். ஒன் மூக்குத் தெரியும். அத நீ பெறந்ததுல இருந்தே பாத்துட்டேன்," என்றாள் அக்கா. அப்புறம் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டவள் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

நான் அதை இங்கே வந்து சொல்லிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை காதில் விழுந்திருக்கிறது. "உக்காரத்தான முடியாது? படுத்துக்கிட்டே வரட்டும் பெரியத்த. நம்மகிட்டதான் கட்டில் போட்ட வண்டி இருக்கே," என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

காதுகுத்துக்கு முதல் நாளே மாப்பிள்ளையும் நானும் கயலும் கிளம்பிவிட்டோம். குலுக்காமல் மெதுவாகப் போய், வழியில் தங்கி, மறுநாள் காலையில் ஊர் போய்ச் சேருவது என்று ஏற்பாடு. ராகுகாலத்துக்கு முன்னால் காது குத்திவிடுவார்கள். அதற்குள் அக்கா கோயிலில் இருக்க வேண்டும். அவ்வளவுதான் எங்கள் வேலை.

காளவாசலில் அக்காவைப் போர்வையோடு தூக்கி ஏற்றினோம். கட்டிலில் படுத்ததும் ஜன்னல் திரையை விலக்கச் சொன்னாள். சிக்னலில் வண்டி நின்றது. படிக்கத் தெரியாது அவளுக்கும். நிறத்தை வைத்தே கடை கடையாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். "அந்தப் பச்சைக் கட இன்னும் இருக்குடி. செவப்புக் கட்டடம் எங்க போச்சு? ஏ, இது என்ன புதுசா இம்புட்டு ஒசரமா?" பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "என்ன ஆச்சி, படுத்துக்கிட்டே ஊர்வலமா?" என்றார். "ஒனக்கென்னப்பா பொறாம," என்றாள் அக்கா. அவள் அப்படி வாய் பேசிக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று தெரியுமா?

அங்கேதான் முதல் சத்தம். டிங். கொஞ்ச தூரம் போனால், டிங் டிங். மாப்பிள்ளை முகம் மாறிவிட்டது. "எஞ்சின்ல வால்வு அடிக்கிற மாதிரி இருக்கு," என்றார். கயல் போனை ஒவ்வொரு மூலையாக நீட்டிச் சத்தத்தைப் பதிந்தாள். நான் ஒவ்வொரு கதவாகக் காதை வைத்துப் பார்த்தேன். கடைசியில் பார்த்தால் அலமாரியில் நான் மாட்டியிருந்த இரண்டு கரண்டிகள். ஒரு பழைய சேலையைக் கிழித்து நடுவில் செருகினேன். வால்வு அடங்கிவிட்டது.

சாயங்காலம் நாகமலை அடிவாரத்தில், மாப்பிள்ளைக்குத் தெரிந்தவரின் தென்னந்தோப்பில் வண்டியை நிறுத்தினோம். வரும் வழியிலேயே தள்ளுவண்டிக்காரரிடம் பருத்திப்பால் வாங்கியிருந்தோம். சுக்கு தூக்கலாக, நெஞ்சு வரை சூடு இறங்குகிற பருத்திப்பால். கோயிலுக்குப் போகிறோம், கவுச்சி கூடாது என்று கத்தரிக்காய்க் குழம்பு வைத்தேன். ஜன்னலுக்கு வெளியே மலை, கைக்கு எட்டுகிற தூரத்தில் கட்டிலில் அக்கா. வீட்டு அடுப்படியில் சுவரைப் பார்த்துச் சமைக்கிறோம் பாக்கியம். மலையைப் பார்த்துக்கொண்டே குழம்பு கூட்டினால் உப்புக்கூடச் சரியாக விழுகிறது.

தோப்புக் காவல்காரர் வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "சூட்டிங்கா? யாரு நடிக்கிறா?" என்று கேட்டார்.

ஜன்னலில் இருந்து, "நாந்தாம்ப்பா," என்றாள் அக்கா.

அவரும் விடவில்லை. "என்ன வேசம்?"

"படுத்திருக்க வேசந்தான். வேற எதுவும் குடுக்க மாட்றாங்க."

மறுநாள் காலையில் இட்லியை முடித்துக்கொண்டு தேனி ரோட்டில் ஏறினோம். பெரிய ரோடு, நல்ல வேகம். ஒரு ஆடு குறுக்கே வந்தது, மாப்பிள்ளை பிரேக் போட்டார். சலசலசல என்று ஒரு சத்தம். முறத்தில் நெல் புடைக்கிற மாதிரி, ஓட்டுக் கூரையில் மழை பிடிக்கிற மாதிரி. வண்டி மறுபடி வேகம் எடுத்ததும் இன்னொரு முறை சலசல. அப்புறம் ஒன்றுமில்லை. அடுத்த பிரேக்கில் மறுபடியும்.

"தண்ணித் தொட்டி ஒடஞ்சிருச்சோ?" என்றேன். கயல் தொட்டியைத் தட்டிப் பார்த்தாள், நிறைந்திருந்தது. "பிரேக்குல ஏதோ கழண்டு கெடக்கு," என்றார் மாப்பிள்ளை. வேண்டுமென்றே பிரேக் போடுவார், சலசல. மெதுவாக விடுவார், சலசல. பின்னால் வந்த லாரிக்காரர் எங்களைத் தாண்டும்போது தலையை நீட்டித் திட்டிவிட்டுப் போனார். நாங்கள் எல்லாரும் சத்தத்தில் இருந்ததால் அவர் திட்டியது யாருக்கும் சரியாகக் காதில் விழவில்லை.

செக்கானூரணியில் ஒரு டீக்கடையை ஒட்டி மெக்கானிக் ஷெட். பாண்டி என்று பெயர், வாய் நிறைய வெற்றிலை. அவர் வண்டிக்கு அடியில் போனார், நாங்கள் பால் பன் தின்றோம். வெளியே மொறுமொறு, உள்ளே பாகு. ஆரப்பாளையத்தில் தின்பதைவிட இங்கே இனிப்புக் குறைவு, ஆனால் எண்ணெய் புதிது.

பாண்டி அடியில் இருந்தபடியே, "அண்ணே, பிரேக் நல்லா இருக்கு. வண்டிய ஆட்டுங்க," என்றார். மாப்பிள்ளையும் டீக்கடையில் நின்ற இரண்டு பேரும் சேர்ந்து வண்டியை ஆட்டினார்கள். சலசல. உள்ளே இருந்து அக்கா, "தொட்டில் ஆட்டுறீங்களா, தாலாட்டும் பாடுங்க," என்றாள்.

பாண்டி ஸ்பானரால் ஒவ்வொரு இரும்பாகத் தட்டிக்கொண்டே வந்தார். வாசல் படிக்கு அடியில் ஒரு பெரிய குழாய் போகிறது. அதைத் தட்டியதும் நின்றார். அதன் முனையில் இருந்த ரப்பர் மூடியைப் பிடுங்கினார். கடகடவென்று அவர் மடியில் கொட்டியது பார், நெல்லு, உளுந்து, கொள்ளு, மொச்சை, எள்ளு. கடைசியாக ஒரு ரூபாய்க் காசு உருண்டு டீக்கடை வாசல் வரை போயிற்று.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

ஏன் பார்க்க வேண்டும், நீயே சொல். வீடு என்று ஒன்று கட்டினால் நிலை வைக்கும்போது அதற்கு அடியில் நவதானியமும் காசும் போடுவோமா மாட்டோமா? அது இல்லாத வீட்டில் யாராவது குடியேறுவார்களா? இந்த வண்டிக்குப் பால் காய்ச்சிய அன்றைக்கு, நிலைக்கு அடியில் போடலாம் என்று பார்த்தால், வேன் கதவுக்கு நிலை ஏது. படிக்கு அடியில் இந்தக் குழாய் வாயைத் திறந்துகொண்டு நின்றது. சாமியைக் கும்பிட்டு அதில் போட்டுவிட்டேன். அதற்கு அப்புறம் மாப்பிள்ளை வந்து மூடியைப் போட்டு அடைத்தது எனக்கென்ன தெரியும்.

"அப்பத்தா, வெதச்சதுதான் வெதச்சீங்க, கொஞ்சம் தண்ணியும் ஊத்தியிருந்தா இந்நேரம் மொளப்பாரி எடுத்திருக்கலாம்," என்றார் பாண்டி. மாப்பிள்ளை சிரித்துச் சிரித்து ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டார். கயல் சிரித்ததில் டீ மூக்கில் ஏறிவிட்டது. நான் மட்டும் கீழே விழுந்த காசைத் தேடி எடுத்து, மஞ்சள் துணியில் முடிந்து, கதவுக்கு மேலே கட்டினேன். வீடு வீடுதான்.

கிளம்பும்போது பாண்டி, "வேற எதுவும் சத்தம் இருக்கா? ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துரவா?" என்று கேட்டார். மாப்பிள்ளை யோசித்தார். "லேசா ஊம்முனு ஒண்ணு கேட்ட மாதிரி..." என்று இழுத்தார்.

உள்ளே இருந்து அக்கா உரக்கச் சொன்னாள்: "ஒரு சத்தமும் இல்லப்பா. எல்லாம் அந்தத் தானியந்தான். நேரமாச்சு, வண்டிய எடு."

சரி, சக்கரத்துக்கு மேலேயே படுத்திருப்பவள் சொல்கிறாளே என்று கிளம்பிவிட்டோம்.

கருமாத்தூர் தாண்டியதும் எனக்கே கேட்டது. ஊம்ம்ம் என்று. வேகம் கூடினால் கூடும், குறைந்தால் குறையும். கிணற்று மோட்டாருக்கு வயதானால் இப்படித்தான் முனகும், ஆனால் அது கிணற்றில் இருக்கும், நாம் கரையில் இருப்போம். இங்கே நாமே அதற்குள் இருக்கிறோம்.

மாப்பிள்ளை அதோடு விளையாட ஆரம்பித்தார். விளையாட்டு என்று சொன்னேனே தவிர, முகத்தில் சிரிப்பு இல்லை. முதலில் கியரை எடுத்துவிட்டு வண்டியைச் சும்மா உருளவிட்டார். எஞ்சின் அடங்கியது, ஊம் அடங்கவில்லை. "எஞ்சின் இல்ல அத்த." பிரேக்கை மெல்ல அழுத்தினார், அப்படியேதான் இருந்தது. "பிரேக்கும் இல்ல." ரோடு காலியாக இருந்த இடத்தில் வண்டியை வலது பக்கம் லேசாக ஒடித்தார், ஊம் உறுமலாயிற்று. இடது பக்கம் ஒடித்தார், குறைந்தது. மறுபடி வலது, மறுபடி இடது. நான் அடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பயமாகவும் இருந்தது, சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவும் இருந்தது.

"வலது பக்கம் ஒடிச்சா பாரம் எடது சக்கரத்துல விழும். அப்பத்தான் கத்துது. எடது சக்கரத்துல பேரிங் போகுது," என்றார்.

பேரிங் என்றால் சக்கரம் சுற்றுகிற இடத்தில் இருக்கும் குண்டுகளாம். நம் கிரைண்டரிலும் உண்டாம்.

"முன் சக்கரமா, பின் சக்கரமான்னு தெரியணும். முன்னால இங்க அவ்வளவாக் கேக்கல. பெரியத்த, ஒங்க பக்கம் அதிருதா?"

அக்காவின் கட்டிலுக்கு நேர் கீழேதான் இடது பின் சக்கரம்.

"இல்லையே," என்றாள்.

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி கேட்டார். "ஒண்ணுமே இல்லப்பா, நீ ரோட்டப் பாத்து ஓட்டு," என்றாள்.

தலையணை சரிந்திருக்கிறதா பார்ப்போம் என்று நான் பின்னால் போனேன். ஜன்னல் ஓரப் பலகையில் அவளுக்குத் தண்ணீர் வைத்திருந்த சில்வர் டம்ளர். அதன் வாயை உள்ளங்கையால் அழுத்தி மூடிப் பிடித்துக்கொண்டிருந்தாள். தாகமா என்று கேட்டுக் கையை எடுத்தேன். டம்ளர் பலகையில் கிடுகிடுவென்று ஆடி ஓசை போட்டது. தண்ணீர் பொங்குகிற பால் மாதிரி நடுங்கியது. கட்டில் பலகையில் கை வைத்தேன், என் வளையல் ஆடியது.

"எப்ப இருந்து?" என்றேன்.

அவள் ஜன்னலைப் பார்த்தாள். "நேத்து சாயங்காலம் லேசா இருந்துச்சு. இன்னைக்குக் கூடிருச்சு."

"செக்கானூரணில கேட்டாரே, அப்பவே சொன்னா என்ன?"

"சொன்னா? அங்கனயே நிப்பாட்டியிருப்பான். சக்கரத்தக் கழட்டிப் போட்டுட்டு மதுரைக்குச் சாமான் வாங்க ஆள் போயிருக்கும். ராகுகாலம் வந்திருக்கும். அங்க காதக் குத்தி மாலையும் போட்டு முடிச்சிருப்பாங்க. நான் கூரையப் பாத்துக்கிட்டுப் படுத்திருப்பேன், அதான எனக்கு வேல." என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லிராதடி. உசிலம்பட்டி வந்துருச்சு. இன்னும் கொஞ்ச தூரந்தான."

உசிலம்பட்டிக் கடைத்தெரு வந்தது, பஸ்ஸும் ஆட்டோவும் மொய்த்தன, வண்டி ஊர்ந்தது, சத்தமும் அடங்கியது. பார்த்தாயா என்கிற மாதிரி அக்கா என்னைப் பார்த்தாள். நானும் வாயை மூடிக்கொண்டு டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டேன். ஊரைத் தாண்டி மறுபடி வேகம் பிடித்ததும், ஊம் இல்லை, கடகடகட என்று பல்லைக் கடிக்கிற சத்தம். கூடவே கருகல் வாசம். டிரைவர் சீட்டில் இருப்பவர் என் மகளின் தாலி. பக்கத்தில் இருப்பவள் என் பேத்தி. கட்டிலில் இருப்பவளோ, வண்டி சாய்ந்தால் எழுந்து ஓடவும் முடியாதவள்.

"மாப்ள, நிப்பாட்டுங்க. பின்னாடி சக்கரந்தான்," என்றேன்.

அக்கா என் கையை உதறினாள்.

கிராமத்து ரோடு பிரிகிற இடத்தில், ஒரு புளியமரத்தடியில் ஓரம் கட்டினார். சக்கரத்தின் நடுவில் தண்ணீரைத் தெளித்தார். தோசைக் கல்லில் தெளித்த மாதிரி சுர்ரென்று போயிற்று. நிமிர்ந்தவர் கட்டில் ஜன்னலிடம் வந்து, "பெரியத்த, தெரிஞ்சுமா சொல்லல?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

"சொல்லியிருந்தா வண்டிய ஓட்டியிருப்பியாப்பா?"

மாப்பிள்ளை கையைத் துடைத்துக்கொண்டார். செக்கானூரணிப் பாண்டிக்குப் போன் போட்டார். புது பேரிங் வாங்கிக்கொண்டு வர மத்தியானம் ஆகும் என்றார் அவர். ஊர் எல்லை கண்ணுக்குத் தெரிகிறது. தென்னை மரங்களுக்கு மேலே கோயிலில் கட்டிய ஒலிபெருக்கிகூடத் தெரிகிறது. ஆனால் நடக்க வேண்டிய தூரம் அது. படுத்திருப்பவளுக்கு அது அமெரிக்கா.

அக்கா என்னைப் பார்த்து ஒரே வார்த்தை சொன்னாள்: "இனிமே எங்கிட்டப் பேசாத."

நான் புளியமரத்தடியில் போய் நின்றுகொண்டேன். மாப்பிள்ளை செந்திலுக்குப் போன் போட்டதும், ஊர் முக்கில் சீர்த்தட்டோடு காத்திருந்தவன் மோட்டார் சைக்கிளில் பறந்து வந்தான். பின்னாலேயே அவனுடைய கூட்டாளிகள் மூன்று பேர். ஜன்னலுக்குள் பார்த்தான். அப்பத்தா கண்ணில் தண்ணீர் நிற்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான். வரும்போது பக்கத்துத் தோட்ட வீட்டில் கேட்டு வாங்கிய ஒரு நார்க்கட்டில் தலையில் இருந்தது.

"தூக்கிட்டே போயிருவோம் மாமா," என்றான் முருகேசனிடம்.

சீரோடு வந்திருந்த பெரியவர் ஒருவர் பின்னாலேயே நடந்து வந்துவிட்டார். செந்திலுக்குப் பெரியப்பா முறை. "கூறு இருக்காடா ஒனக்கு? நல்ல காரியத்துக்குப் போறப்ப, நாலு பேரு நாலு காலப் புடிச்சு ஒரு மனுசியப் படுக்கப் போட்டுத் தூக்கிட்டுப் போனா ஊர் என்ன சொல்லும். கூட மேளம் வேற. பாக்குறவன் மாலையோட வந்துருவான்."

அவர் சொன்னதில் தப்பு இல்லை. உயிரோடு இருப்பவரை யாரும் அப்படித் தூக்குவதில்லை.

அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "ஏப்பா, என்னைக்கா இருந்தாலும் என்னத் தூக்கத்தான் போறீங்க. அன்னைக்கு நான் எதையும் பாக்க முடியாது. இன்னைக்குத் தூக்குங்க, பாத்துக்கிட்டே வாரேன்."

பெரியவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு அவரே முன்னால் வந்து முறை சொன்னார். கால் முன்னால் போகக்கூடாது, தலை முன்னால் போகட்டும். தோளில் வைக்கக்கூடாது, இடுப்பு உயரத்தில் பிடியுங்கள். நாலு பேர் வேண்டாம், ஆறு பேராக நில்லுங்கள். கட்டிலில் வெள்ளைத் துணி விரிக்காதீர்கள். நான் ஓடிப்போய், சீருக்கு உடுத்த வைத்திருந்த என் ஊதாப் பட்டுச் சேலையைக் கொண்டுவந்து விரித்தேன். அக்கா அதைத் தடவிப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை.

ஊர் முக்கில் மேளக்காரர் குழம்பிப் போனார். "எந்த அடி அடிக்கணே?" என்று செந்திலைக் கேட்டார். "கல்யாண அடி அடிங்க. வேகமா அடிங்க. வேற எதுவும் கையில வந்துறப் போகுது," என்றான் அவன்.

முன்னால் மேளம். அப்புறம் பழத்தட்டு, சேலைத்தட்டு, பிள்ளைக்குப் பட்டு வேட்டி, கம்மல் வைத்த தட்டு, ஒரு ஆட்டுக் கிடாய். நடுவில் கட்டிலில் என் அக்கா, சீரோடு சீராக. வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள். தூக்கி வருகிற கட்டிலைப் பார்த்ததும் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "ஐயோ, யாரு வீட்ல?" என்று கத்திக்கொண்டே வரப்பில் ஓடி வந்தாள். அக்கா கையைத் தூக்கி ஆட்டினாள். "ஏ தாயி, நாங்க காதுகுத்துக்குப் போறோம். நீயும் சாப்பிட வா." அவள் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள், பயத்திலா சிரிப்பிலா தெரியவில்லை. அப்புறம் பந்தியில் பார்த்தேன், வந்திருந்தாள்.

ராகுகாலத்துக்கு முன்னாலேயே போய்விட்டோம். கட்டிலைக் கோயில் வேப்பமரத்தடியில் இறக்கி, அதை ஒட்டியே மனை போட்டு செந்திலை உட்கார வைத்தார்கள். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய பிள்ளை அவன் மடியில். ஆசாரி குத்தியதும் பிள்ளை வீல் என்று கத்தினான். அக்கா கட்டிலில் இருந்தபடியே கையை நீட்டி அவன் வாயில் சர்க்கரையைப் போட்டாள். அழுகையை நிறுத்திவிட்டு அவள் விரலையே சப்பினான். ராணி அழுதாள், நானும் அழுதேன், ஒலிபெருக்கிக்காரர் மட்டும் மொய் அறிவிப்பை நிறுத்தவில்லை.

மத்தியானம் பாண்டி வந்து சக்கரத்தைக் கழற்றினார். சிதைந்த பேரிங்கைக் கையில் கொட்டிக் காட்டினார், குண்டுகள் எல்லாம் தேய்ந்து சோழி மாதிரி இருந்தன. "இன்னும் கொஞ்சம் ஓட்டியிருந்தா சக்கரம் தனியாக் கழண்டு முன்னால போயிருக்கும்," என்றார். அக்கா, "போயிருந்தா அதாவது நேரத்தோட கோயிலுக்குப் போயிருக்கும்," என்றாள். என் பக்கம் பார்த்துத்தான் சொன்னாள், ஆனால் என்னிடம் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் திரும்பினோம். வண்டி ஒரு சத்தமும் போடவில்லை. அக்காவும் போடவில்லை, என்னிடம் மட்டும். கயலிடம் பேசினாள், மாப்பிள்ளையிடம் பேசினாள், கருமாத்தூரில் கொய்யாப்பழம் விற்ற பெண்ணிடம் அவள் குடும்பக் கதை முழுவதும் கேட்டாள். நான் கொய்யாவை நறுக்கி நீட்டினால் வாங்கித் தின்பாள், முகம் ஜன்னலைப் பார்க்கும். காளவாசல் வந்ததும் மாப்பிள்ளை வண்டியை அக்கா மகன் வீட்டுப் பக்கம் திருப்பினார். "அங்க எறக்காதப்பா," என்றாள். "வண்டி எங்க நிக்குமோ அங்கனயே என்னையும் எறக்கு. அடுத்து எங்கயாச்சும் கிளம்புவீங்க, காளவாசல்ல இருக்குறவள யாரு நெனச்சுக் கூப்பிடப் போறா." அப்படித்தான் இங்கே வந்து சேர்ந்தாள். நான் சொல்லி வண்டியை நிறுத்தியதால்தான் அவள் ஊர்வலமாகப் போனாள் என்று கயல் எடுத்துச் சொல்லிப் பார்த்தாள். "அது வேற, இது வேற," என்றுவிட்டாளாம். ஆனாலும் நீ அவள் சிரிப்பதைப் பார்க்க வேண்டும் பாக்கியம், நேற்று வீட்டுக்கு வந்த...

இரு. சத்தம் கேட்கிறதா? இல்லை, இது வண்டி இல்லை, உள் அறை.

"வீட்ல யாராச்சும் இருந்தா, என்னத் திருப்பிப் படுக்க வைங்கப்பா. வண்டி நிக்கிற ஜன்னல் பக்கமா."

காலையில் இருந்து இது நாலாவது தடவை. மகள் வேலைக்குப் போய்விட்டாள், மாப்பிள்ளை வெளியூரில், இந்த எழுதுகிறவள் உட்கார்ந்தால் எழ மாட்டாள். அந்த ‘யாராச்சும்’ நான்தான். அது அவளுக்கும் தெரியும்.

கதவைச் சாத்திவிட்டுப் போ பாக்கியம், பூனை வருகிறது. இந்தா வாரேன், வாரேன்.